சுங்கை சிப்புட் மேடை இசைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு: பேஸ் கம்பி பற்றி ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களே, வணக்கம்.

தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடி மாதத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்கள், இடையில் கல்யாண விருந்துகள் என்று நம் ஊர்க் குழுக்களுக்கு ஓய்வே கிடையாது. அந்த மேடைகளில் பேஸ் கித்தார் வாசிப்பவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். மண்டபத்தில் பேஸ் ஒரே இரைச்சலாக இருக்கிறது, சுரமே புரியவில்லை என்று யாராவது சொன்னால் நாம் உடனே பெரிய ஸ்பீக்கரை வாடகைக்கு எடுக்கிறோம். இரைச்சலும் பெரிதாகிறது. அடுத்த முறை அந்தக் காசில் ஒரு பங்கைக் கம்பிக்கு ஒதுக்குங்கள். இப்போது எல்லாக் கித்தாரிலும் கிடக்கும் ரவுண்ட்வவுண்டை இறக்கிவிட்டு ஃபிளாட்வவுண்ட் போட்டுப் பாருங்கள்.

ரவுண்ட்வவுண்டில் நடுக்கம்பியைச் சுற்றி இருப்பது உருண்டையான கம்பி. விரல் நகரும்போதெல்லாம் கீச்சுச் சத்தம் வரும். சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேரும்; நம் புழுக்கத்தில் சீக்கிரமே ஒலி செத்துப்போகும். ஃபிளாட்வவுண்டில் சுற்றியிருப்பது தட்டையான பட்டை. தொட்டால் வழவழப்பு, ஃபிரெட்டும் (கித்தார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அதிகம் தேயாது. முக்கியமாக, சுரம் 'தும்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். தகரக் கூரை மண்டபத்தில் ஒரு சுரத்தின் எதிரொலி அடுத்ததன் மேல் ஏறி உட்காருவதுதானே நம் தொல்லை? அது குறையும். 1951-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் கித்தார் வந்த காலத்தில் எல்லாரும் வாசித்தது ஃபிளாட்வவுண்டில்தான். 1960-களின் நடுவில் ரோட்டோசவுண்ட் என்ற கம்பி நிறுவனத்தின் ரவுண்ட்வவுண்ட் ராக் குழுக்களிடம் பரவியபிறகுதான் காற்று மாறியது.

சரி, எதை வாங்குவது? நான்கு பிராண்டுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

டடாரியோ குரோம்ஸ், ஃபிளாட்வவுண்டுகளிலேயே பளிச்சென்று ஒலிப்பது. புதிதாகப் போட்டவுடன் ரவுண்ட்வவுண்டோ என்று சந்தேகம் வரும், வாசிக்க வாசிக்க அடங்கும். 45-100 செட்டும் உண்டு, 50-105 செட்டும் உண்டு (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரை தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). பழகிய ஒலியை விட மனமில்லாத தம்பிகளுக்கு இதுதான் வாசல்.

லா பெல்லா நியூயார்க் மாநிலத்துக் கம்பி. டீப் டாக்கிங் பேஸ் வரிசையில் 45-105 செட்டைத்தான் நான் நம் மேடைக்கு முதலில் சொல்வேன். கீழ்ச்சுரம் கனமாக, மேலே மினுமினுப்பு இல்லாமல், தபேலாவுக்கும் டிரம்சுக்கும் நடுவே தனக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். இதே வரிசையில் 52-110 என்ற தடித்த செட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் செட் அது. அறுந்தால் தவிர அவர் கம்பி மாற்றவே மாட்டாராம். அந்தப் பெயருக்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள். இழுவை, அதாவது கம்பியின் இறுக்கம், அதிகம். மூன்று மணி நேரம் விடாமல் வாசிக்கும் பதினேழு வயதுப் பையனின் விரல் என்னாவது?

வியன்னாவின் தோமஸ்டிக் இன்ஃபெல்டு ஜாஸ் ஃபிளாட்ஸ் இதற்கு நேர் எதிர். 43, 56, 70, 100 என்று மெல்லிய கம்பிகள், நிக்கல் பட்டை, இழுவை மிகக் குறைவு. நடு ஒலி நன்றாகப் பாடும். இளையராஜா பாட்டில் பேஸ் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகுமே, அதற்கு இதைவிடச் சுகமான கம்பி நான் தொட்டதில்லை. ஆனால் உறுமி மேளம் முழங்கும் இடத்தில் சத்தம் போதாமல் விரலை அழுத்தி அடித்தால் கம்பி தளர்ந்து ஆடி ஃபிரெட்டில் இடிக்கும். விலையும் நான்கில் இதுதான் அதிகம். மெல்லத் தொட்டு வாசிப்பவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ரோட்டோசவுண்ட் 77 இங்கிலாந்து சரக்கு, மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலவையில் செய்தது. அயர்ன் மெய்டன் என்ற ராக் குழுவின் பேஸ் வாசிப்பவர் ஸ்டீவ் ஹாரிஸ் பெயரில் 50-110 செட்டே வருகிறது. ஃபிளாட்வவுண்ட் என்றால் தூங்கி வழியும் என்று நினைப்பவர்கள் அவர் வாசிப்பதைக் கேட்கலாம். எனக்கு இதன் இறுக்கம் பிடிக்கவில்லை. அது என் கை, உங்கள் கைக்கு ஒத்துவரலாம்.

கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் வாசிக்கும் தம்பிகள் ஃபிளாட்வவுண்ட் பக்கம் வரவேண்டாம், ஏமாற்றம்தான் மிஞ்சும். அப்புறம் கீபோர்டு அண்ணன்களிடம் ஒரு வார்த்தை: உங்கள் இடது கையும் பேஸ் போட்டால் எந்தக் கம்பியாலும் எங்களைக் காப்பாற்ற முடியாது. கொஞ்சம் தூக்கி வையுங்கள் அண்ணே.

மாட்டும்போது கவனம் வேண்டும். தடித்த செட், கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் சிக்கும்; இழுவை மாறினால் கித்தாரின் கழுத்து வளையும், அதற்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருத்த வேண்டிவரும். கம்பி அதிரும் நீளம் 34 அங்குலமுள்ள கித்தாருக்கான கம்பியை 30 அங்குலக் குட்டிக் கித்தாரில் போட்டால் தடித்த பகுதி முளையில் சுற்றி உடைய வாய்ப்புண்டு. வெட்டுவதற்கு முன் கம்பியைச் செங்கோணமாக மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுற்று பிரிந்துவிடும்.

கேட்பது இவ்வளவுதான். நம் குழுக்கள் தனித்தனியாக ஈப்போவுக்கு ஓடி, கடையில் இருப்பதை வாங்கி வருவதை நிறுத்துவோம். ஒரு குழு குரோம்ஸ், இன்னொன்று லா பெல்லா 45-105, வசதியுள்ள குழு தோமஸ்டிக் என்று பிரித்து வாங்கி, திருவிழா இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மண்டபத்தில், ஒரே ஆம்பில், ஒரே பாட்டை வாசித்துப் பார்ப்போம். பேஸ் வாசிக்கும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். முதலில் கையைக் கடிக்கும் விலைதான். ஆனால் ஃபிளாட்வவுண்ட் வருடக்கணக்கில் உழைக்கும், ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதுக் கம்பி கேட்டு உங்களிடம் வந்து நிற்க மாட்டோம். மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், ஆம்பை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேடைகளில் பேஸ் வாசிக்கும் தம்பி