நான்கு வரிசையை விட்டுவைக்கச் சொன்னேன்

அன்புள்ள கலா,

தை மாதம் நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அத்தைக்குக் கண் அறுவை, அப்புறம் ராஜி கல்யாணம். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்ளடி. இன்றைக்கு உன் கண் எனக்கு வேண்டும்.

கிணற்றுக் காட்டில் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, போட்டிருக்கிறோம். மாசியில் குருத்தெல்லாம் சுருண்டு, கணு நெருங்கி, முட்டைக்கோசு மாதிரி ஆகிவிட்டது. பிரித்தால் உள்ளே மாவுப்பூச்சி. நாம் பப்பாளியில் பார்த்த மஞ்சள் ரகம் இல்லை. வெள்ளை மாவைத் துடைத்தால் உடம்பு இளஞ்சிவப்பு. 2020-இல் கேரளத்தில் தலைகாட்டி நம் பக்கம் வந்ததே, அதுதான். இதற்கு ஆணே தேவையில்லை. விதைக்குச்சியில் ஒன்று ஒட்டி வந்தால் போதும், காடே போய்விடும்.

அண்ணன் இரண்டு தடவை மருந்து அடித்தார். சுருண்ட இலைக்குள் மருந்து எங்கே இறங்கும்? மூன்றாவதுக்குக் கலக்கும்போதுதான் பார்த்தேன், குருத்தில் பழுப்பாக உப்பிய கூடுகள், தொட்டால் கெட்டியாக. உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு தின்று முடித்த மாவுப்பூச்சிகள்! கெஞ்சி, சண்டை போட்டு, வடக்கே நான்கு வரிசையை மட்டும் மருந்து படாமல் விட்டுவைக்க வைத்தேன்.

கூடுகளை மாத்திரைக் குப்பியில் போட்டுப் பஞ்சடைத்தேன். ஆறாம் நாள் ஒரு கறுப்புப் புள்ளி உள்ளே குதித்தது. கைலென்ஸில் பார்த்தேன் கலா. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உணர்கொம்பின் முதல் கணு இலை மாதிரி தட்டையாக அகன்று, கறுப்பும் வெள்ளையுமாக. நடுக்காலில் தடித்த முள். அனாகைரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி என்றே தோன்றுகிறது. ஆப்பிரிக்காவின் பெனினில் இருந்து வரவழைத்து 2022-இல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்களே, அதில் அந்த லோபெசி இனமாக இருக்குமோ? யாரும் கொண்டுவந்து விடாமல் தானாக எங்கள் காட்டுக்கு வந்திருக்கிறது! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் மூன்று நாள் கழித்து அதே குப்பியில் இன்னொன்று வெளிவந்தது. இதுவும் கறுப்புதான். உடம்பு தட்டை, இடுப்பே இல்லாததுபோல் இருக்கிறது, கொம்பின் நுனி நீண்ட ஒரே குமிழ். இது மாவுப்பூச்சியைத் தின்றதா, மாவுப்பூச்சிக்குள் இருந்த குளவியைத் தின்றதா? ஒட்டுண்ணியையே தின்னும் சார்ட்டோசெரஸ் குளவியாக இருந்தால் நம் குளவிக்கே எமன். இந்தக் கேள்வியில் நான்கு நாளாகத் தூக்கம் போயிற்று. கூட்டில் இருந்து வருவதெல்லாம் நண்பன் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வேன்?

பேர் தெரியாமல் இதில் ஒரு அடி வைக்க முடியாது. ஆப்பிரிக்காவில் நடந்ததைப் பார். 1970-களில் காங்கோப் பக்கம் இந்த மாவுப்பூச்சி புகுந்தபோது, தென் அமெரிக்காவின் வடக்கே அச்சு அசலாக ஒன்றைக் கண்டுபிடித்து அதன் எதிரிகளைக் கொண்டுபோனார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. அது வேறு இனம். அதில் ஆணும் உண்டு. 1981-இல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்த பிறகுதான் லோபெசி கிடைத்தது, மரவள்ளி பிழைத்தது. எத்தனை வீட்டுச் சோறு அது!

இங்கேயும் அப்படித்தான். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கிழங்கின் மாவுச்சத்துப் பாயின்ட் பார்த்துத்தான் விலை. போன வருடக் கடனே அண்ணன் தலையில் நிற்கிறது. வாயால் சொல்லாவிட்டாலும் ராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவளை அறுக்கும் வகுப்பில் மயங்கி விழுந்தவள் நீ, இப்போது உன்னிடம்தான் நுண்ணோக்கி இருக்கிறது! இரண்டு குப்பி ஆல்கஹாலில் போட்டு அனுப்புகிறேன். சிவப்பு மூடியில் முதலாவது, நீல மூடியில் தட்டையானது. கண்ணாடித் தகட்டில் ஏற்றிப் பார். வர்கீஸ் சாரையும் ஒரு கண் பார்க்கச் சொல். இரண்டும் எத்தனைக்கு எத்தனை வருகின்றன என்று நான் இங்கே எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொன்றுக்கு மூன்று.

வரும் வியாழன்வரை மருந்து அடிப்பதில்லை என்று அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் போன் பண்ணிவிடு. குழந்தைகளுக்கு என் அன்பு.

உன்,
சாந்தி