தம்பி, சாமான் கட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. ரொம்ப நாளாக நீ காத்திருந்த வேலை, நல்ல பதவி, சம்பளமும் கூட. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அவளும் வர்றேன்னுட்டா அண்ணா, அங்க போய் ஏதாவது பார்த்துக்கலாம்" என்றாய். அந்த "ஏதாவது"தான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணியைப் பற்றி நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். அண்ணியிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு இடத்தில் "இப்படி நடக்கவில்லை" என்று அடித்தும் கொடுத்தாள்.

முதலில் சாவி விஷயம். புது வீட்டுக்குப் போன மூன்றாம் நாள். வீட்டுக்காரர் எங்களுக்குக் கொடுத்தது ஒரே சாவி. இன்னொன்று செய்துகொள்ள வேண்டும் என்று இருவருமே சொல்லிக்கொண்டிருந்தோம், செய்யவில்லை. காலையில் அவள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். நான் பாட்டுக்குக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் கிளம்பிவிட்டேன். தனியாக இருந்த காலத்துப் பழக்கம் அது. அவள் போன் வீட்டுக்குள். என் நம்பர் அவளுக்கு மனப்பாடம் கிடையாது, இன்றைக்கு யாருக்குத்தான் யார் நம்பர் தெரியும்? மத்தியானம் ஒரு தரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, தூங்குகிறாள் போல என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். காய்ந்த துணியெல்லாம் மடித்து மடியில் அடுக்கி வைத்திருக்கிறாள். சட்டை தனியாக, துண்டு தனியாக.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "போய்த் தட்டுவதற்கு இந்த ஊரில் எனக்கு ஒரு கதவு இல்லை, இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றாள். அவ்வளவுதான்.

அதே மூன்று நாளில் எனக்கு என்னென்ன கிடைத்திருந்தது என்று எண்ணிப் பார். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு மேஜை, பெயர் சொல்லிக் கூப்பிட இருபது பேர், மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு கூட்டம். வேலை கிடைத்தவனுக்கு ஊர் தட்டில் வைத்து வருகிறது. கூட வந்தவர்தான் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவேண்டும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர், புதிதாக ஊர் மாறியவர்களிடம் கேட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறிமுகமானவர் ஓரளவு சிநேகிதராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் சேர்ந்து கழிக்கவேண்டும் என்பது கணக்கு. ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நேரம் அந்த அளவுக்குச் சேராது என்றும் சொல்கிறார். இருந்தாலும் உனக்குத் தொடங்க ஓர் இடமாவது இருக்கும். வீட்டில் இருப்பவர் முதல் மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது?

இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். தப்பு செய்தவன்தானே உட்கார்ந்து படிப்பான்!

படித்ததில் என்னைச் சுட்டது ஒன்று. ஜேக்கப் மின்சர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், குடும்பங்கள் ஏன் ஊர் மாறுகின்றன என்று 1978இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது. இரண்டு பேரும் சம்பாதிக்கும் குடும்பத்தில், ஒருவருக்கு வரும் லாபம் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்தைவிட அதிகமாக இருந்தால் குடும்பம் கிளம்பிவிடும். கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் தனியாக இருந்தால் அந்த ஊரை விட்டு நகர்ந்தே இருக்கமாட்டார் ஒருவர், துணைக்காக நகர்கிறார். அவரைக் கட்டுண்டு நகர்பவர் என்கிறார் மின்சர். துணைக்காகத் தன் வாய்ப்பை விட்டுவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பவர்களும் உண்டு, அவர்கள் கட்டுண்டு தங்குபவர்கள்.

லாபம் குடும்பத்தின் பெயரில் வரும், நஷ்டம் ஒரே ஆளின் பெயரில் நிற்கும். இதை வாய்விட்டுச் சொல்லாமல் நாங்கள் கிளம்பியதுதான் என் தப்பு. "நமக்கு நல்லது" என்றே பேசிக்கொண்டிருந்தேன். அவள் எட்டு வருஷமாகக் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்தவள், ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவே அவள் பொறுப்பில் இருந்தது. அதை விடுகிறாள் என்பதை ஒரு தடவைகூட நஷ்டம் என்ற பெயரில் நான் சொல்லவில்லை. சொல்லாத கடன் வேறு ரூபத்தில் வசூலாகும் தம்பி. ஒரு வருஷம் கழித்து, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு வந்த சண்டையில் "உனக்காகத்தானே வந்தேன்" என்று அவள் சொன்னபோது, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் தெரியாமல் நின்றேன்.

அதனால் நீங்கள் இருவரும் ஒரு நாள் உட்கார்ந்து, அவள் எதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறாள் என்று எழுதுங்கள். சம்பளம், பதவி, அவளைத் தெரிந்தவர்கள், எல்லாம். பிறகு ஒரு தேதி போடுங்கள். நாங்கள் தாமதமாகத்தான் போட்டோம்: "இரண்டு வருஷம் பார்ப்போம், அதற்குள் உனக்குச் சரியான வேலை அமையவில்லை என்றால் அடுத்த ஊரை நீ முடிவு செய்." அந்தத் தேதி வந்தபோது ஊர் மாறவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் தேதி இருக்கிறது என்பதே வீட்டில் காற்றை மாற்றியது.

மனநல மருத்துவர்கள் ஹோம்ஸ், ராஹே இருவரும் 1967இல் வாழ்க்கை மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஆளை எவ்வளவு பாடுபடுத்தும் என்று மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மொத்தம் 43 மாற்றங்கள், துணையை இழப்பதற்கு 100 என்று வைத்து மற்றவற்றுக்குக் கணக்கு. வேறு வகை வேலைக்கு மாறினால் 36, பணநிலை மாறினால் 38, வீடு மாறினால் வெறும் 20. (அந்த 20ஐப் போட்டவர் ஒரு வீட்டைக் காலி செய்து பார்த்திருக்க மாட்டார் என்பது அண்ணியின் கட்சி.) அதில் 26 மதிப்பெண்ணுக்கு ஒரு வரி, "மனைவி வேலைக்குப் போகத் தொடங்குதல் அல்லது நிறுத்துதல்" என்று இருக்கிறது. வேலையை விட்டவளின் பாட்டை அல்ல, அவள் கணவனின் பாட்டை அளக்கிறார்கள்! அந்தக் காலம் அப்படி என்று சிரித்துவிடலாம். ஆனால் என் தலைக்குள்ளும் கிட்டத்தட்ட அந்தப் பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இனி வீடு. இதில் அவசரப்படாதே. நான் என் அலுவலகத்துக்குப் பத்து நிமிஷத்தில் வீடு பிடித்தேன், எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். பதினான்கு மாதம் கழித்து அவளுக்கு வேலை கிடைத்தது, ஊரின் இன்னொரு கோடியில். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வீட்டு ஒப்பந்தம் முடியும்வரை ஐந்து மாதம் அப்படிப் போய்வந்தாள். முதல் வீட்டைச் சில மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொள். ரயிலோ பஸ்ஸோ இரண்டு மூன்று திசையில் பிரியும் இடமாகப் பார். உனக்கு அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை. சேருவதற்கு முன்னால் இருவரும் ஒரு தடவை போய்ப் பாருங்கள், அதுவும் விடுமுறை நாளில் வேண்டாம். வேலை நாள் காலையில், எல்லோரும் ஓடுகிற நேரத்தில் அந்தச் சாலையில் நில்லுங்கள்.

பணத்தைப் பற்றி நீ என்னைவிடக் கெட்டிக்காரன், சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக் கடிதம் எழுத்தில் கைக்கு வராமல் இருவரில் ஒருவரும் ராஜினாமா கொடுக்காதீர்கள். பழைய இடத்தின் கடைசிக் கணக்குத் தீர்வதற்கும் புது இடத்தின் முதல் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும், முன்பணமும் லாரி வாடகையும் சரியாக அந்தப் பள்ளத்தில்தான் வந்து நிற்கும். இடமாற்றத்துக்குக் கம்பெனி பணம் கொடுத்தால் கடிதத்தின் சின்ன எழுத்தைப் படி, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டவேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். மருத்துவக் காப்பீடு பல இடங்களில் வேலையை விட்ட நாளோடு நின்றுவிடும், நடுவில் வெற்றிடம் விழாமல் பார்த்துக்கொள். துணைக்கு வேலை தேட உதவுவார்களா என்றும் கேள். சில கம்பெனிகள் செய்கிறார்கள், கேட்காதவனுக்குச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், அவள் கையில் அவளுக்கென்று பணம் இருக்கட்டும். கேட்டால் கொடுப்பேனே என்று நினைக்காதே. இருவர் பெயரிலும் கணக்கு, அதிலிருந்து அவள் தனிக் கணக்குக்கு மாதம் முதல் தேதி தானாகப் போகிற மாதிரி. அண்ணி ஒரு தடவை தலைமுடி வெட்டிக்கொள்ள என்னிடம் பணம் கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எட்டு வருஷம் சம்பாதித்தவள்.

அவளுடைய வேலைத் தேடல் இப்போதே, பழைய ஊரிலேயே தொடங்கவேண்டும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே எழுதினார், வேலைச் சேதி நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் மூலம்தான் அதிகம் வந்து சேர்கிறது என்று. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்குமே! ஊர் மாறும்போது முதலில் அறுந்துபோவது இந்த லிஃப்டில் தலையாட்டும் பழக்கங்கள்தான். கிளம்பும் முன் அவள் அவர்களிடமெல்லாம் இன்ன ஊருக்குப் போகிறேன், இன்ன வேலை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு வரட்டும். அண்ணிக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். பழைய அலுவலகத்தில் கீழ் மாடிக்காரர் ஒருவர், அவர் பெயர்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை.

சாயங்கால விஷயம் ஒன்று. நான் வீட்டுக்கு வந்ததும் அலுவலகக் கதையைக் கொட்டுவேன், அவர் இப்படி, இவர் அப்படி என்று. "நீ என்ன பண்ணின?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்ல" என்பாள். பல மாதம் கழித்துத்தான் சொன்னாள், அந்தக் கேள்விக்குப் பயந்து நாலு மணிக்கே எதையாவது செய்து வைப்பாளாம், சொல்வதற்கு இருக்கட்டும் என்று. கேள்வியை நிறுத்திவிட்டேன். இருவரும் அரை மணி நேரம் தெரியாத தெருவாகப் பார்த்து நடந்தோம். அப்போதுதான் இருவருக்கும் ஊர் ஒரே அளவு புதிதாக இருந்தது.

கடைசியாகப் பெட்டி. சாமான் கட்டும்போது அட்டைப்பெட்டிகளின் மேல் மார்க்கரில் எழுதினோம். சமையல், படுக்கை, என் புத்தகங்கள், முக்கியம் என்று. கடைசியாக ஒன்று மிஞ்சியது. "இதில் என்ன எழுத?" என்றேன். "அப்புறம்னு எழுது" என்றாள். எழுதிப் பரணில் ஏற்றினேன். நேர்முகத் தேர்வுக்கு அவளை அழைத்த அன்று அதைக் கீழே இறக்கினோம். அளவுகோல்கள், வரைபடச் சுருள்கள், அவள் பெயர் பொறித்த மேஜைப் பலகை. ஒட்டிய டேப் மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தது.

சாமான் ஏற்றும் தேதியைச் சொல். நாங்கள் இருவரும் முதல் நாளே வந்துவிடுகிறோம். பெட்டி கட்டுவது என் வேலை, மேலே எழுதுவது தன் வேலை என்று அண்ணி சொல்லிவிட்டாள். புது வீட்டுக்காரரிடம் சாவி இரண்டாகக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அண்ணன்