ஆட்களையும் அட்டவணையில் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைநீர் வடிகால் பணி தீபாவளி தாண்டியும் ஏன் இழுக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். தள மேற்பார்வையாளராகச் சொல்கிறேன்: ஒப்பந்ததாரர்கள் தரும் எம்.எஸ். ப்ராஜெக்ட் (வேலைகளைத் திட்டமிடும் கணினி மென்பொருள்) அட்டவணையில் தேதி மட்டும்தான் இருக்கிறது, ஆட்கள் இல்லை. ஒரே கம்பி கட்டும் குழு ஒரே நாளில் இரண்டு தெருவில் வேலை பார்ப்பதாகக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் குழுவை ‘ரிசோர்ஸ்’ (ஆட்கள், இயந்திரங்கள்) பட்டியலில் சேர்த்து வேலைகளோடு இணைத்தாலே மோதல் சிவப்பில் தெரிந்துவிடும். மோதலைத் தீர்க்கும் ‘லெவலிங்’ கட்டளையைக் கொடுத்தால் ஒரு வேலை தள்ளிப்போய், உண்மையான முடிவுத் தேதி வெளியே வரும். அதைப் பார்க்கத்தான் யாருக்கும் மனமில்லை.

சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் (ஈரமாக வைத்து இறுக விடுவது) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதற்கும் இடைவெளி விட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களைக் கழித்து நாள்காட்டி அமையுங்கள். ஆள் கணக்கில்லாத அட்டவணையில் பொறியாளர்கள் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

– கட்டுமானத் தள மேற்பார்வையாளர், தாம்பரம்