உச்சிக்குடும்பனுக்கு வந்த புது வேலை

நாகர்கோவில்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி வேலையில் சேர்ந்த செய்தி அறிந்து வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாடகத்தில் நாட்டம் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு; அவர்களை அழைத்து வருபவன் நம் உச்சிக்குடும்பன்தான்.

கோயில் கொடைகளில் நடந்த தோல்பாவைக்கூத்தில், இராமாயணக் கதைக்கு நடுவே இன்னொரு கோமாளியான உளுவத்தலையனோடு வந்து வம்பளந்து அடிபடுவானே, அவனையே இங்குள்ள இளைஞர் நாடகக் குழுவொன்று தன் அடையாளப் பொம்மையாக்கியிருக்கிறது. பனையோலையில் முடைந்து காகிதம் ஒட்டிய பெரிய தலை, தேங்காய் நாரில் குடுமி, துணி அடைத்த தொந்தி என்று பள்ளிகளுக்குப் போகிறான். அங்கே அவன் அறிவுரை எதுவும் சொல்வதில்லை. இராவணனின் வசனத்தை முழங்கத் தொடங்கிப் பாதியில் மறந்து விழிக்கிறான். பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக முடித்து வைக்கிறார்கள். நன்றாகக் கத்தியவர்களைச் சனிக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்லிவிட்டுப் போகிறான்.

பொம்மைக்குள் நுழைபவர் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது குழுவின் விதி. பெரும்பாலும் மிகவும் கூச்சப்படும் பிள்ளையைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். பெயர் கேட்டால் தரையைப் பார்க்கும் சிறுமி ஒருத்தி, உள்ளே போனதும் தலைமையாசிரியரையே கேலி செய்தாள். பொம்மையால் அதிகப் பயன் பெறுவது பார்ப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. தோல்பாவைக்கூத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னே ஒரே கலைஞர் சீதையாகவும் அனுமனாகவும் மாறி மாறிப் பேசுவதற்கும் இந்த மறைவுதானே துணை? ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவனாக இருந்து மேடையேறினார். இன்று கொட்டகையே இல்லாததால், நாடகம்தான் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. உச்சிக்குடும்பனின் கீச்சுக்குரலைக் கற்றுத்தர, வீட்டில் மராத்தி பேசும் கூத்துக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோலைச் சீவிப் பாவை வெட்டி, அந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்கு முறையான ஊதியம் வேண்டும் என்று குழுவினரிடம் கடுமையாகவே பேசியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் தருவதாகச் சொல்கிறார்கள், நான் விடப்போவதில்லை.

பொங்கலுக்கு வரும்போது பரணில் கிடக்கும் உன் ஆர்மோனியத்தையும் எடுத்து வா. ஒத்திகைக்கு வாசிக்க ஆள் இல்லை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்