தொழில்நுட்ப அறிவு ஆளோடு போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச நிறுவனங்களுக்குப் பொதுவாக, கணினிச் சிக்கல்களுக்கான தீர்வுகளைப் பதிந்து வைக்கும் தொழில்நுட்ப அறிவு நூலகம் ஒன்றைத் திட்டமிடுவது பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியை வாசித்தேன். கட்டாயம் வேண்டிய விடயம்தான், ஆனால் அதை எழுத வேண்டியவர்கள் கந்தோரில் அன்றாடம் கணினியோடு மல்லுக்கட்டுகிறவர்களே. யாழ். மாவட்டத்தில் மட்டும் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. ஒரு இடத்தில் ஒருவர் கண்டுபிடித்த வழி அடுத்த இடத்துக்குத் தெரிவதில்லை, அவருக்கு இடமாற்றம் வந்தால் சொந்தக் கந்தோருக்கே தெரியாமல் போய்விடும். நான் வேலை செய்த இடத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் திறக்கும். அதை, தனி எழுத்துரு இல்லாமலே தமிழ் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றத் தெரிந்தவர் ஒரேயொரு முகாமைத்துவ உதவியாளர், அவர் லீவு என்றால் வந்த சனம் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆகவே இப்படியான தீர்வுகளை உத்தியோகத்தர்களே தமிழிலும் சிங்களத்திலும் திகதியிட்டு நேரடியாகப் பதிய இடம் கொடுங்கள். அப்புறம், இடமாற்றம் பெறுபவர் கோப்புகளைக் கையளிக்கும்போது தன் குறிப்புகளையும் அந்த நூலகத்தில் சேர்த்துவிட்டே போக வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வெளியிடலாம்.

ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்,
நல்லூர்.