நையாண்டிப் பக்கத்தில் உபதேசம்: ஒரு சந்தாதாரரின் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: செய்தியில் செய்தி இல்லாதது, நகைச்சுவையில் பிரசங்கம் வருவது, என் மின்னஞ்சலைக் கேலிக்குப் பயன்படுத்தியது குறித்து.

ஐயா / அம்மா,

உங்கள் செய்திச் செயலிக்கு மூன்று வருடமாகச் சந்தா கட்டிவருகிறேன். காலையில் செய்தி, ஞாயிற்றுக்கிழமை நையாண்டிப் பக்கம், இந்த இரண்டுக்காகத்தான். இப்போது செய்தி எழுதுகிறவர் நக்கல் அடிக்கிறார், நக்கல் அடிக்க வேண்டியவர் உபதேசம் செய்கிறார்.

போன செவ்வாய் இரவு, மறுநாள் அதிகாலை நான் பிடிக்க வேண்டிய ரயிலின் நேரம் மாறிவிட்டதாக உங்கள் செயலியில் அறிவிப்பு வந்தது. தலைப்பு: 'ரயில் நேர மாற்றம்... வறுத்தெடுத்த நெட்டிசன்கள்!' சரி, உள்ளே நேரம் போட்டிருப்பார்கள் என்று திறந்தேன். முதல் பத்தியில் கொந்தளிப்பு. அடுத்து ஒரு மீம். அப்புறம் நாலு பதிவுகள். வறுத்தெடுத்த நெட்டிசன்கள் மொத்தமே அந்த நாலு பேர்தான், அதில் ஒருவருக்கு இரண்டே லைக். ரயில் எத்தனை மணிக்கு என்பதை உங்கள் செய்தியாளர் எந்த இடத்திலும் எழுதவில்லை. நாலாவது ஆள் போட்டிருந்த ஸ்கிரீன்ஷாட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்துத்தான் 5.40 என்று தெரிந்துகொண்டேன். முக்கியமானதை முதலில் சொல்வதற்கு உங்கள் தொழிலிலேயே 'தலைகீழ் பிரமிடு' என்று ஒரு பெயர் இருக்கிறது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறில் எனக்கு வேண்டியிருந்தது அந்த 'எப்போது' மட்டும்தான்.

நையாண்டிப் பக்கத்துக்கு வருகிறேன். கடைசியாக வந்தது, ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களைப் பற்றி. ஒருவர் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்கிறார். நிமிர்ந்து பார்க்காமலே கதவிடம் 'சாரி' சொல்லிவிட்டு நகர்கிறார். நிஜமாகவே சிரித்தேன். அடுத்த வரி: 'சிரித்துவிட்டீர்களா? இப்போது கொஞ்சம் சிந்தியுங்கள்.' அதற்குப் பிறகு ஆறு பத்திக்கு மனித உறவுகள், தனிமை, நாம் எங்கே போகிறோம் என்ற கவலை. கதவில் முட்டியவர் திரும்ப வரவே இல்லை. முடிவில் கண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜி ஒன்று. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்களே, அதுதான்.

கருத்தே சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கதவிடம் சாரி கேட்டவரே அந்தக் கருத்தைச் சொல்லிவிட்டாரே! இதே எழுத்தாளரை ட்விட்டரில் ஒரு பதிவுக்கு 140 எழுத்துதான் என்றிருந்த காலத்திலிருந்து படிக்கிறேன். ஒரு வரியில் வெடுக்கென்று முடிப்பார். 2017-இல் அதை 280 ஆக்கினார்கள். கூடக் கிடைத்த 140-இல் ஆரம்பித்தது இந்த உபதேசம்.

இதையெல்லாம் அவருக்கே மின்னஞ்சலில், மரியாதையாகத்தான், எழுதினேன். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக என் மின்னஞ்சல் அவருடைய பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட்டாக வந்தது. மேலே, 'பூமர் அங்கிள் ஒருவருக்கு ரொம்ப வலிக்கிறது போல' என்று ஒரு வரி. பெயரை மறைத்திருந்தார், அதற்கு நன்றி. மறைக்கும்போது ஒரு தரம் படித்திருந்தால் நான் பெண் என்று தெரிந்திருக்கும். கீழே முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். நாளைக்கு அதையும் 'வறுத்தெடுத்த நெட்டிசன்கள்' என்று நீங்களே செய்தியாகப் போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். அனுப்பிய கையோடு, 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று பதில் வந்தது. அவ்வளவு வேகமாக யாரும் படித்திருக்க முடியாது.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீக்கச் சொல்லுங்கள். வாசகர்கள் அனுப்பும் மின்னஞ்சலைச் செய்தியாளர்கள் இப்படிப் பயன்படுத்த அனுமதி உண்டா, இல்லையா என்று எழுத்தில் தெரிவியுங்கள். மிச்சமிருக்கும் ஏழு மாதச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். ரயில் செய்தியில் நேரத்தையும் சேர்த்துவிடுங்கள், அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் அவர் பதிவாகப் போடுவதாக இருந்தால், 'ஆன்ட்டி' என்று திருத்திக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்