கிரின்யாகா தேயிலையும் வெளிநாட்டுப் பணமும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ வீடு திரும்பிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதியாயிற்று. பேத்திக்குப் பெயர் வைத்த அன்று வர முடியாமல் போனது எனக்கும் மனக்குறைதான். மார்ச்சில் கட்டாயம் வருகிறேன்.

ஆப்பிரிக்க விவசாயத்துக்குக் கொட்டிய உதவிப் பணமெல்லாம் வீண்தானே, இனி தனியார் முதலீடுதானே வழி என்று கேட்டிருந்தாய். 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டைக் கலைத்ததிலிருந்து நைரோபியிலும் இதே பேச்சுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. பணம் எங்கிருந்து வந்தாலும், அதில் எழும்பியது கடைசியில் யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இங்கே கென்யாவின் தேயிலையையே எடுத்துக்கொள். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஆப்பிரிக்கர்கள் தேயிலை பயிரிட நெடுங்காலம் அனுமதியே இல்லை. சிறு விவசாயிகளுக்கான முதல் ஆலை 1957-இல்தான் நியெரி பக்கம் ரகாதியில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1964-இல், கேடிடிஏ என்ற தேயிலை வளர்ச்சி வாரியம் அமைந்தது. உலக வங்கியும் பிரிட்டனின் காமன்வெல்த் வளர்ச்சிக் கழகமும் அதற்குக் கடன் கொடுத்தன. நாற்று, ஆலை, மழையிலும் இலை லாரி போய்வரச் சாலை எல்லாம் அப்படி வந்தவை. நட்ட செடி பலன் தரச் சில வருஷம் ஆகும் என்று தெரிந்தே காத்திருந்த கடன் அது. 2000-இல் வாரியத்தைத் தனியார்மயமாக்கியபோதும் ஆலைகளை வெளியாருக்கு விற்கவில்லை. இலை கொடுக்கும் விவசாயிகளே பங்குதாரர்கள் ஆனார்கள். இன்று கென்யத் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது.

கென்யா மலையடிவாரத்துக் கிரின்யாகாவில் இலை வாங்கும் இடத்தில் நின்று பார்த்தால் உனக்கு எல்லாம் விளங்கிவிடும். சாக்கிலிருந்து இலையைக் கொட்டிக் கிளறுவார்கள். இரண்டு இலை ஒரு கொழுந்து என்ற கணக்குக்கு மிஞ்சிய முற்றல் இலையைப் பொறுக்கிப் போட்ட பிறகுதான் சாக்கு தராசில் ஏறும். வரிசையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் தராசு எண்ணைத்தான் பார்ப்பார்கள். மாதாமாதம் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கைக்கு வரும். வருஷக் கணக்கு முடிந்ததும் மிச்சம் ‘போனஸ்’ என்று வரும். பள்ளிக் கட்டணம், கூரைத் தகரம், கறவை மாடு எல்லாம் அதை நம்பித்தான்.

குறை இல்லாமலில்லை. மேற்கே கெரிச்சோ, போமெட் பக்கத்து விவசாயிகளுக்கு, கென்யா மலையடிவாரத்தில் இருப்பவர்களைவிடப் போனஸ் குறைவு. வருஷாவருஷம் அது பெரிய தகராறாகிறது. நிர்வாகத்தின் மேல் பொங்கிய கோபத்தில்தான் 2020-இல் தேயிலைச் சட்டமே வந்தது. ஆனால் கூட்டம் போட்டுக் கணக்குக் கேட்கவும், இயக்குநரை ஓட்டுப் போட்டு மாற்றவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, மொசாம்பிக்கில் ப்ரோசவானா என்ற விவசாயத் திட்டம் என்ன ஆனது? ஜப்பானும் பிரேசிலும் அந்நாட்டு அரசோடு சேர்ந்து 2009-இல் தொடங்கியது. வடக்கே நக்காலா துறைமுகத்துக்குப் போகும் ரயில் வழித்தடத்தை ஒட்டிப் பெருவிவசாயம் வரப்போகிறது என்றார்கள். நிலத்தில் உழுதுகொண்டிருந்த குடும்பங்களை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. விவசாயிகள் சங்கம் விடாமல் எதிர்த்தது. 2020-இல் திட்டத்தை மூடினார்கள். ஆப்பிரிக்க விவசாயத்தில் முதலீடு கொண்டுவர என்று ஜி8 பணக்கார நாடுகள் 2012-இல் கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு அமைத்த ‘புதிய கூட்டணி’யிலிருந்து 2018-இல் பிரான்ஸே விலகிக்கொண்டது. நிலத்துக்காரனை ஒதுக்கிவைத்து அவன் பேரில் ஒப்பந்தம் போடுவது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

உதவிப் பணம் மட்டுமே செய்யக்கூடிய வேலையும் உண்டு. எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-இல் அமெரிக்கா ஏற்படுத்திய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, மழையையும் சந்தை விலையையும் கவனித்து எங்கே பசி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவந்தது. 2025 ஜனவரியில் அது திடீரென முடங்கி, சில மாதங்கள் அப்படியே கிடந்தது. லாபம் பார்க்கும் எந்த முதலீட்டாளர் அந்த வேலையை எடுத்துச் செய்வார்?

நீ பால் சங்கச் செயலாளராக இருந்தவன். கொழுப்பு அளவில் தகராறு வந்தால் உறுப்பினர் முன்னாலேயே மறுபடி சோதித்துக் காட்டுவீர்களா? சாக்குக்காக எடையில் கழிப்பதைப் பற்றி இங்கே விவசாயிகள் குமைகிறார்கள். நீ எழுதினால் அவர்களிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
ராசு